பல்கலைக் கழகப் பரிசில்களும் நமது கடமையும்

(கிராமச் சனசமூக நிலையமொன்றில், பல்கலைக் கழகம் புகவிருக்கும் மாணவரைப் பாராட்டுதற்கென எடுத்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மாலை இவ்வூர்ப் பிள்ளைகளின் கழுத்தில் மாலை விழக் கண்டோம். பெற்றோர் முகங்களில் மலர்ச்சி கண்டோம். ஊர் தன் பிள்ளைகளைப் பாராட்டுதல் முறையே. ஆயினும் பாராட்டுரை மட்டும் நிகழ்த்திவிட்டுச் செல்ல எமக்கு மனம் ஒப்பவில்லை. இம்மாலைகள் நாளை வாடிவிடும். இப்பிள்ளைகளோ நான்கு, ஐந்து ஆண்டுகள் பேராதனையிலும் மொறட்டுவையிலும் திருநெல்வேலியிலும் வந்தாறுமூலையிலும் தங்கிக் கற்க வேண்டியவர்கள். அவ்வாண்டுகளை அவர்கள் எவ்வாறு கடப்பர்? இக்கேள்வியையே உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பல்கலைக் கழக மாணவர்க்குரிய பரிசில்கள் பல. பட்டமளிப்பு விழாவில் வழங்கப்படும் பொற்பதக்கம் ஒன்று. முதல் வகுப்புச் சித்தி ஒன்று. பீடாதிபதியின் பட்டியலில் இடம்பெறுதல் ஒன்று. மகாபொலப் புலமைப் பரிசில் ஒன்று, உதவுதொகை ஒன்று. பட்டம் பெற்ற பின் கடல் கடந்து கற்கச் செல்லும் வாய்ப்பு இன்னொன்று. இவற்றைப் பற்றி நம் ஊர்களில் பெரும்பாலும் பேசப்படுவது எப்பொழுது? பத்திரிகையிற் படம் வந்த பின்னரே! பரிசில் எவ்வாறு கிட்டுகின்றது, எங்கே தவறிப் போகின்றது என்பதைப் பேசுவார் அரியர். அதனைப் பேசுதல் சட்டம் கற்ற எம் போன்றோரின் கடமை என எண்ணுகின்றோம்.

அருணாசலம் காட்டிய வழி

முதலிற் சிறிது வரலாறு கூறுவோம். 1870 ஆம் ஆண்டில், இந்நாட்டு அரசாங்கம் வழங்கிய ஆங்கிலப் பல்கலைக் கழகப் புலமைப் பரிசிலை ஒரு தமிழ் மாணவர் வென்றார். அவரே சேர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ற் கல்லூரியிற் கற்று, 1875 இல் போட்டிப் பரீட்சை வழியாகச் சிவில் சேவையுட் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெயரைப் பெற்றார்.

அவர் வறிய வீட்டுப் பிள்ளையல்லர். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தவர். அந்நாளைய பரிசில் திறமையை மட்டுமே நோக்கியது, தேவையை நோக்கவில்லை. அன்றியும் அது ஆண்டொன்றில் ஓரிருவர்க்கே எட்டும் கனி. ஏனையோர்க்கு இந்நாட்டிலே பல்கலைக் கழகம் என்பதே இருக்கவில்லை.

ஆனால், அப்பரிசிலைப் பெற்றவர் பின்னர் செய்தது யாது? 1906 இல் இலங்கைப் பல்கலைக் கழகச் சங்கம் தோன்றியபொழுது அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். தமக்குக் கிட்டிய கல்வி தம் நாட்டார் பலர்க்கும் இங்கேயே கிட்டுதல் வேண்டும் என வாதாடினார். 1921 இல் பல்கலைக் கழகக் கல்லூரி கொழும்பில் திறக்கப்பட்டது. 1924 இல் அவர் மறைந்தார். 1942 இல் இலங்கைப் பல்கலைக் கழகம் உருவாயிற்று. அதனைக் காண அவர் இருக்கவில்லை. தாம் பெற்ற பரிசிலைத் தம்மோடு முடித்துக் கொள்ளாமல், பொதுமக்களுக்குரிய கடனாக அவர் கருதினார். பரிசில் பெறுவோர்க்கு இதனினும் மேலான முன்மாதிரி வேண்டுமோ?

திறமையும் தேவையும்

1945 ஆம் ஆண்டு ஒக்டோபரில், கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கிற்று, உழவன் மகனும் பல்கலைக் கழக வாயிலை அணுகினான். ஆயின் கட்டணம் மட்டுமா செலவு? அறை வாடகை, உணவு, போக்குவரத்து, நூல், இன்று கணினி. இவற்றுக்கு யார் பொறுப்பு?

வாயிலிலே இன்னொரு இடரும் எழுந்தது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 1971 இல் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறல் வேண்டும் என வரையறுத்தனர். தேர்வெழுதிய மொழியைக் கொண்டு அளவுகோலை மாற்றிய அச்செயல் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அதன்பின் மாவட்ட அடிப்படை வந்தது. அது யாழ்ப்பாணத்தாரைப் பாதித்தது மெய். மன்னாரிலும் வவுனியாவிலும் ஆய்வுகூடமே காணாத பாடசாலைகளிற் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் சிலர்க்கு அது வழி திறந்ததும் மெய். இன்றைய முறைப்படி 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. மொழியையும் இனத்தையும் நோக்கி அளவுகோலை மாற்றுதல் அநீதி. தேவையை நோக்கித் தோள் கொடுத்தல் நீதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் இரு திறத்தார்க்கும் தீங்கு செய்கின்றனர். தேவையை நோக்கிய உதவியை இரவலெனப் பழிப்பது அறியாமை.

மகாபொலவையே எடுத்துக் கொள்வோம். 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம் அது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராயிருந்த காலத்து, நாடெங்கும் நடந்த மகாபொலச் சந்தைகளின் வருவாயும் லொத்தர் வருவாயும் அதற்கு ஊற்றாயின. வீதியோரத்தில் நீங்கள் வாங்கும் லொத்தர்ச் சீட்டின் காசிலும் ஒரு துளி அங்கே சேர்ந்துள்ளது. அவ்வாறிருக்க, அதனைக் கேட்டுப் பெறுவதில் நாணம் எதற்கு? திறமைக்கென ஒரு பிரிவும், பெற்றோர் வருமானத்தை நோக்கிய பொதுப் பிரிவும் அதில் உண்டு. அது கிட்டாதோர்க்குப் பல்கலைக் கழக உதவுதொகை உண்டு.

தொகையின் அளவையும் நோக்குவோம். 2022 இல் விலைவாசி வானளாவ உயர்ந்தபொழுதும் மகாபொல மாதம் 5,000 ரூபாவாகவே நின்றது. 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதனை 7,500 ரூபாவாகவும், உதவுதொகையை 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்திற்று. வரவேற்கின்றோம். ஆயினும் 7,500 ரூபாவை முப்பது நாளாற் பிரித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 250 ரூபா. நகர்ப்புற உணவுச்சாலையில் ஒரு நேரச் சோற்றுக்கே அது போய்விடும் நிலையே அவ்வாண்டில் இருந்தது. அதுவும் முதலாண்டு மாணவர்க்கு விண்ணப்பம் பரிசீலிக்கப்பெற்று முதல் தவணை கைக்கு வருமுன் மாதங்கள் பல உருண்டோடுகின்றன. நம் பிள்ளைகள் இடறும் இடம் அதுவே.

கமக்காரரின் வருமானம் எது?

இங்கே கூடியிருப்போரிற் சிலர் வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், எழுதுவினைஞர், பலர் கமக்காரர். இவ்விரு பகுதியினரும் ஒரே விண்ணப்பப் படிவத்தை நிரப்புகின்றனர். சம்பளம் பெறுவோர்க்கு வருமானச் சான்று ஒரு துண்டுத் தாளில் அடங்கும். கமக்காரர்க்கோ? மாரி பொய்த்தால் ஒன்று. வெள்ளம் வந்தால் ஒன்று. வெங்காயம் விலை சரிந்தால் ஒன்று.

எடுத்துக்காட்டாக, மூன்று ஏக்கர் நெல் விதைத்தவர் ஒருவர், போகத்து நெல்லை 5 லட்சம் ரூபாவுக்கு விற்றார் எனக் கொள்வோம். உழவுக் கூலி, விதைநெல், பசளை, களைநாசினி, அறுவடை இயந்திர வாடகை என 3½ லட்சம் செலவாயின் எஞ்சுவது 1½ லட்சம். அவருடைய வருமானம் ஐந்து லட்சமா, ஒன்றரை லட்சமா? விற்ற பணத்தை வருமானமென எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு உதவி கிட்டவில்லையே என வருந்தும் பெற்றோர் உளர். வேறு சிலர், 'நம் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று கிராம அலுவலர் முன் சொல்வதா?' என மானங் கருதி உள்ள காணியையும் இல்லாத வருவாயையும் பெருக்கி எழுதுகின்றனர். மானம் பெரிது, மறுக்கவில்லை. ஆயின் அம்மானத்தின் விலையை விடுதியில் ஒரு நேரம் உண்டு கற்கும் பிள்ளையன்றோ செலுத்துகின்றது!

பொய் எழுதுமாறு நாம் கூறவில்லை. பொய்ச் சான்று குற்றம். அதனாற் பிள்ளையின் எதிர்காலமே கெடும். மெய்யை முழுமையாக எழுதுங்கள் என்கின்றோம். படிவம் எதனைக் கேட்கின்றது எனத் தெளியுங்கள். விற்பனை வரவையும் உற்பத்திச் செலவையும் வேறு வேறாகக் காட்டும் கணக்கொன்றை இணையுங்கள். பயிரிட்ட நிலத்தின் அளவுக்குக் கமநல சேவைகள் நிலையத்தின் இடாப்பு ஆதாரமாகும். பசளை வாங்கிய பற்றுச் சீட்டுக்களைக் கூரை இடுக்கிற் செருகாமல் ஒரு கோவையில் வையுங்கள். மற்றொரு பிள்ளையும் படிக்கின்றது எனின் அதனையும், வீட்டில் நோயாளர் உளர் எனின் அதனையும் குறிப்பிடுங்கள். கிராம அலுவலரின் உறுதியும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டப்படுமாயின், இறுதி நாள் வரை காத்திராதீர்கள்.

வகுப்பு எங்கே தவறுகின்றது?

இனி மாணவர்க்குச் சில சொற்கள். நம் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில், முதல் வகுப்புக்கு 3.70 என்னும் சராசரித் தரப்புள்ளி வேண்டும். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். நூறில் ஒரு பங்கு குறைந்தாலும் வகுப்பு மாறும். பதக்கமும், விரிவுரையாளர் பதவிக்கான வாய்ப்பும், வெளிநாட்டுப் பரிசிலும் அந்நூறில் ஒரு பங்கிலே தொங்குகின்றன.

அது எங்கே தவறுகின்றது? அறிவுக் குறைவால் தவறுதல் சிறுபான்மையே. பகுதிநேர வேலைக்குச் சென்று விரிவுரை தவறுதல். அதனால் பெரும்பாலான பீடங்கள் கேட்கும் 80 வீத வரவு குறைதல். பரீட்சைக்கு அமர முடியாது போதல். மீண்டும் எழுதும் பாடத்துக்குப் பொதுவாகச் சாதாரண சித்திக்குரிய தரத்துக்கு மேல் வழங்கப்படாமை. இவையே சங்கிலியின் வளையங்கள். முதலாண்டில் மூன்று மாதப் பசி, நான்காம் ஆண்டில் ஒரு வகுப்பாய்க் கழிகின்றது. பட்டமளிப்பு மேடையில் இதனை எவரும் அறிவிப்பதில்லை.

ஆதலின், மாணவச் செல்வங்களே, உங்கள் பீடத்தின் கைந்நூலை முதல் வாரத்திலேயே வாசியுங்கள். நோயால் பரீட்சை தவறின் குறித்த நாட்களுக்குள் மருத்துவச் சான்றைச் சமர்ப்பித்து, ஏற்றுக்கொள்ளப்பட்டமைக்கு எழுத்தில் உறுதி பெறுங்கள். அவ்வாறு செய்தோர்க்கு அடுத்த முறை எழுதுவது முதல் முறையாகவே கணிக்கப்படும் வழக்கம் உண்டு. செய்யாதோர்க்கு அது இல்லை. கெட்டிக்காரர் பலர் தாளில் தோற்பது இவ்விடத்திலேயே.

வெளிநாட்டுப் பரிசில்களைப் பற்றியும் ஒரு சொல். 1959 இல் ஒக்ஸ்போட்டில் கூடிய மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப் பரிசில் திட்டம் உண்டு. அமெரிக்கா வழங்கும் புல்பிறைற் பரிசில் உண்டு. பட்ட மாணவர்க்கே இந்தியா வழங்கும் நேரு நினைவுப் பரிசில் உண்டு. மலையகத்திலே தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென 1947 இல் நிறுவப்பெற்ற கல்வி நம்பிக்கை நிதியம் உண்டு. இவற்றின் அறிவித்தல்கள் நம் ஊர் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படுகின்றனவா? இறுதியாண்டு முடிந்த பின் விசாரிப்பவன் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பான். இரண்டாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தைத் திருத்தி, சான்று தரவல்ல விரிவுரையாளர் இருவரைத் தம் உழைப்பால் அறிமுகஞ் செய்து கொண்டவன் ஆயத்தமாயிருப்பான்.

சட்டம் தரும் கருவிகள்

உரிமை மறுக்கப்பட்டால் என் செய்வது? 'மேலிடத்தில் ஆள் பிடித்தல்' நம்மவர் முதலில் நாடும் வழி. அதனை விடுங்கள். சட்டம் நேரிய கருவிகளைத் தந்துளது.

ஒன்று, மொழி. 1988 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச அலுவலகத்தோடு தொடர்பு கொள்ளவும் விடை பெறவும் குடிமகனுக்கு உரிமை அளிக்கின்றது. விளங்காத மொழியிற் கடிதம் வந்ததெனின், விளங்கும் மொழியிற் கேட்டு எழுதுங்கள்.

இரண்டு, தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக் கழகங்களையும் கட்டுப்படுத்தும். எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எந்த வருமான எல்லை பின்பற்றப்பட்டது, நம் விண்ணப்பம் எக்காரணத்தால் தள்ளப்பட்டது என ஒரு தாளில் எழுதித் தகவல் அலுவலரிடம் கையளியுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். அறிவியாவிடின் மேன்முறையீடும், அதன்பின் ஆணைக்குழுவும் உண்டு. காரணத்தை அறிந்தவனே மேன்முறையீட்டைச் செம்மையாக எழுத முடியும்.

ஊர் செய்ய வேண்டியது

இறுதியாக, நம் கையில் உள்ளதைப் பேசுவோம். நம்மவரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தந்தை மறைந்தால், தாய் மறைந்தால், அவர் பெயரால் ஒரு பொற்பதக்கம் நிறுவுகின்றோம். கடல் கடந்து வாழும் உறவினரும் இவ்வாறு செய்கின்றனர். அந்நினைவைப் போற்றுகின்றோம். ஆனால், ஒன்றைச் சிந்தியுங்கள். வைப்பிலிட்ட தொகையின் வட்டியாற் பதக்கம் வாங்க வேண்டும். ரூபாவின் பெறுமதி இறங்க, பொன்னின் விலை ஏற, அவ்வட்டி பொன்னுக்குப் போதாது. ஈற்றில் முலாமே மிஞ்சும். அன்றியும் பதக்கம் போய்ச் சேர்வது நான்கு ஆண்டுத் துன்பத்தைக் கடந்து முடித்தவனிடம். இடையில் வீழ்ந்தவனிடம் அது ஒருபோதும் சேர்வதில்லை.

பதக்கத்தை ஒழிக்க நாம் சொல்லவில்லை. திறமைக்குக் கௌரவம் வேண்டும். அதனைக் கண்டு இளையோர் ஊக்கம் பெறுவர். இனி நிறுவும் அறக்கொடைகளில் ஒரு பாதியேனும் முதலாண்டு மாணவனின் முதல் ஆறு மாதத்துக்கு உரியதாகட்டும் என்றே வேண்டுகின்றோம். பரிசில் கைக்கு வரும்வரை தாங்குவதற்கு ஒரு சிறு தொகை, அவ்வளவே.

அதற்கு இச்சனசமூக நிலையம் ஓர் அறநிதியை நிறுவலாம். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டம், கல்வி வளர்ச்சிக்கான நம்பிக்கைப் பொறுப்பைத் தருமமென ஏற்கின்றது. வாய்ச்சொல்லில் தொடங்கும் நிதி, தொடங்கியவரோடு மறையும். எழுத்தில் உறுதி முடியுங்கள். பொறுப்பாளர் மூவர் இருக்கட்டும்: சம்பளக்காரர் ஒருவர், கமக்காரர் ஒருவர், ஆசிரியர் ஒருவர். கணக்கை ஆண்டுதோறும் வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள். பெறுவோரின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். உதவி பெறும் பிள்ளையின் தலை குனியலாகாது. எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்தக் கட்சி எனக் கேட்பவரைப் பொறுப்பில் வையாதீர்கள். பொதுக்கிணற்றிற் சிலரைத் தள்ளிவைத்த பழி நம் சமூகத்துக்கு உண்டு; பொதுநிதியில் அப்பழி தொடரலாகாது.

சட்டத்தரணிகளும் கணக்காளரும் ஆண்டுக்கு இரு சனிக்கிழமைகளை இதற்கெனக் கொடுத்தல் வேண்டும். படிவம் நிரப்பவும், மேன்முறையீடு எழுதவும் இம்மண்டபத்தில் இலவசமாக அமர்தல் வேண்டும். எம்மளவில், அவ்விரு நாட்களையும் இவ்வூர்க்குத் தருவதாக இச்சபையில் உறுதி கூறுகின்றோம். கமக்காரப் பெருமக்களே, உங்களிடம் பணம் கேளோம். போகத்துக்கு ஒரு மூடை நெல் நிலையத்துக்கு வரட்டும்; அதனை விற்று நிதியிற் சேர்ப்பர். கோயிலுக்குப் படியளக்கும் கைக்கு இது புதிதன்று.

இளஞ் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதற் சம்பளம் பெறும் நாளில், நீங்கள் பெற்ற உதவியை இந்நிதிக்குத் திருப்பித் தர வேண்டும் என எவரும் வழக்கிடார். சட்டப்படி அது கடனன்று. ஆயினும், 1870 இல் தாம் பெற்ற பரிசிலை நாட்டுக்குரிய கடனாகக் கருதிய ஒருவரின் கதையைச் சற்று முன் கேட்டீர்கள். அவர் செய்ததை உங்கள் அளவிற் செய்யுங்கள்.

தலைவர் அவர்களே, கூட்டம் கலையுமுன் இரண்டு காரியங்கள் நடத்தல் வேண்டும். இவ்வாண்டு பல்கலைக் கழகம் புகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், எந்தப் படிவம் எந்த நாளில் முடிகின்றது என்பதும் ஒரு கொப்பியில் எழுதப்படல் வேண்டும். அறநிதி உறுதியை வரைய மூவர் தெரியப்படல் வேண்டும். மாலை அணிவித்த கைகளே இக்கொப்பியையும் திறக்கட்டும்.